பார்த்துக்கிட்டா சொந்தமாயிடுமா?

போன தை மாசம். மாட்டுப் பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். களத்துல ராகி அடிச்சுக்கிட்டு இருந்தோம். ரெண்டு பேர் கார்ல வந்து இறங்கினாங்க. ஊருக்குள்ள விசாரிச்சுட்டு நேரா எங்க கொல்லைக்கே வந்திருக்காங்க. "உங்க வரப்புல ஒரு வீரன் கல் இருக்காமே, பார்க்கலாமா?"ன்னு கேட்டாங்க. கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கல். ஒரு கையில வில்லும் இன்னொரு கையில குறுவாளுமா ஒரு ஆள் காலை எட்டி வெச்சு நிக்கிறார். உடம்புல ரெண்டு அம்பு தைச்சிருக்கு. கால்கிட்ட ரெண்டு மாடு. தலைக்கு மேல மூணு வரி எழுத்து, பாதிக்கு மேல தேய்ஞ்சு போச்சு. பல வருஷம் முன்னாடி ஒரு வரலாற்று வாத்தியார் வந்து சுண்ணாம்புத் தூள் தடவிப் படிச்சுப் பார்த்தார். வட்டெழுத்து, பல்லவர் காலமா இருக்கலாம்னார். தெளிவா படிக்க முடிஞ்சது ஒரே ஒரு சொல்தான்: தொறு. தொறுன்னா மாட்டு மந்தை. எங்கம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம். அவங்களுக்கு அவர் வேடியப்பன். வெள்ளிக்கிழமை ஆனா மஞ்சள் பூசி ஒரு விளக்கு வெச்சுட்டு வருவாங்க.

வந்தவங்கள்ல பெரியவர் விவரம் தெரிஞ்சவர். கல்லைத் தொட்டுப் பார்த்த விதத்துலயே அது தெரிஞ்சது. "இது இப்படி வெயில்லயும் மழையிலயும் கிடந்தா, இன்னும் அம்பது வருஷத்துல எழுத்தே இருக்காதுங்க. எங்ககிட்ட கொடுங்க, நல்லா பார்த்துக்குவோம்"னார். அப்புறம் ஒரு தொகை சொன்னார். என் பொண்ணு காலேஜ் படிப்பை முடிக்கிற அளவுக்கான தொகை. நான் பேசாம நிக்கிறதைப் பார்த்துட்டு, "உங்க பட்டா நிலத்துல தானே இருக்கு? அப்ப உங்களுது தானே?"ன்னார்.

அம்மாகிட்ட கேக்கணும்னு சொல்லி அனுப்பி வெச்சுட்டேன். ஆள் போயிட்டார், கேள்வி போகலை. நிஜமாவே இது என்னுதா? நல்லா பார்த்துக்கிறவங்களுக்கு ஒரு பொருள் சொந்தமாயிடுமா? இந்த நாலு மாசமா படிச்சதையும் யோசிச்சதையும்தான் இங்க எழுதறேன்.

முதல்ல பட்டா. அந்தக் காகிதத்துக்கே எங்க மாவட்டத்துல ஒரு கதை இருக்கு. 1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில பாராமகால் பகுதியைக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்னைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதுக்குள்ள வரும். அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் இங்க வந்து நிலத்தை அளந்து, குடியானவன் பேர்லயே வரி போட்டாங்க. பின்னாடி சென்னை மாகாணம் முழுக்கப் போன ரயத்துவாரி முறைக்கு இந்தச் செம்மண்ணுலதான் கடைக்கால் போட்டாங்க. என் கையில இருக்கிற பட்டா அந்த வழியில வந்தது. ஆனா அந்தக் கல், மன்றோ அளக்க வர்றதுக்குச் சுமார் ஆயிரம் வருஷம் முன்னாடியே அங்க நின்னுச்சு. யாரோ ஒருத்தர் செத்ததுக்காக வேற யாரோ நட்டது. நிலத்தை அளந்தப்போ கல்லையும் சேர்த்து எங்க தாத்தன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு எப்படிச் சொல்ல முடியும்?

சரி, நட்டவங்க எதுக்காக நட்டாங்க? இங்கதான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பிச்சது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, பக்கத்துல செங்கம். இந்த மூணு பக்கமும் நடுகல் அதிகம். இது எல்லைப் பூமி. வடகிழக்கே பல்லவர், மேற்கே கங்கர், நடுவுல வாணர், பிறகு நுளம்பர்னு பல பேர் கைமாறிய இடம். மேட்டாங்காடும் மலையடிவாரமும்தான் ஜாஸ்தி. அந்தக் காலத்துல இங்க சொத்துன்னா மாடுதான். நெல்லை மூட்டை கட்டித் தூக்கிட்டு ஓட முடியாது. மாடு தன் கால்லயே நடந்து வரும். அதனால சண்டை மாட்டுல ஆரம்பிக்கும். பல நடுகல்லுல இருக்கிற சேதி இதுதான்: இன்னார் மாட்டை ஓட்டிட்டுப் போனப்போ, இன்னார் அதை மீட்டுச் செத்தார். புலியோட, பன்றியோட சண்டை போட்டுச் செத்தவங்களுக்கும் கல் உண்டு, ஆனா மாடுதான் அடிக்கடி வரும். கன்னடத்துலயும் மாட்டு மந்தைக்குத் 'துறு'ன்னுதான் பேர், அங்கேயும் அதே மாதிரி வீரக்கல். எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரே சொல், ஒரே சண்டை.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது செங்கம் பக்கம் எடுத்தனூர்ல கிடைச்ச கல். மகேந்திரவர்ம பல்லவனோட 34-ஆம் ஆட்சி ஆண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டோட முன்பாதி. கருந்தேவகத்தின்னு ஒரு ஆள். வாணர் வழியில வந்த பொற்றொக்கையார்ங்கிற தலைவருக்கு இளமகன், அதாவது அவர்கிட்ட இருந்த சேவகன். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்துட்டான். கூட இருந்த நாயோட பேர் கோவிவன். அது ரெண்டு கள்ளனைக் கடிச்சு, காவலா நின்னுச்சாம். கல்லுல நாயோட உருவமும் இருக்கு, பேரும் இருக்கு. அந்த எருமையால நாய்க்கு என்ன லாபம்? காவலுக்குன்னு விட்டாங்க, காவல் காத்துச்சு. ஆயிரத்து நானூறு வருஷமா அதுக்குப் பேர் நிக்குது.

இது ஒரு பக்கம்தான். மாட்டை மீட்டவன் வீரன்னா, ஓட்டிட்டு வந்தவன் யாரு? அவனும் அவன் ஊர்ல வீரன்தான். தொறுவைக் கவரப் போய்ச் செத்தவங்களுக்கும் கல் இருக்கு. பழைய இலக்கணத்துல கவரப் போறவன் வெட்சிப் பூ சூடுவான், மீட்கப் போறவன் கரந்தைப் பூ சூடுவான். தொல்காப்பியம் ரெண்டையும் வெட்சியிலயே அடக்கிச் சொல்லுது. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித் திணையாவே பிரிச்சிடுது.

தொல்காப்பியத்துல வெட்சியைச் சொல்ற இடத்துல ஒரு சொல் என்னை நிறுத்திடுச்சு: ஓம்பல். அரசன் அனுப்பின ஆளுங்க வேத்து நாட்டுக்குப் போய், களவுல மாட்டைக் கொண்டு வந்து 'ஓம்பணும்'. அதாவது நல்லா பார்த்துக்கணும். வர்ற வழியில மாட்டுக்கு நோகாம ஓட்டிட்டு வரணும்ங்கிறதும் ஒரு துறை. ஊர் சேர்ந்ததும் பங்கு பிரிக்கிறது ஒரு துறை, அதுக்குப் பேர் பாதீடு. படிக்கும்போது பரவாயில்லையே, எவ்வளவு ஈரமான மனசுன்னு தோணும். ஆனா அதே பட்டியல்ல கொஞ்சம் முன்னாடி ஊர்கொலைன்னு ஒரு துறை இருக்கு. மாட்டுக்காரங்க ஊரை அழிச்சுக் கொல்றது. மாட்டுக்கு நோகக் கூடாது, மாட்டுக்குச் சொந்தக்காரன் செத்தாலும் பரவாயில்லை.

அப்பதான் அந்தப் பெரியவர் சொன்னது மறுபடி காதுல கேட்டுச்சு. "எங்ககிட்ட கொடுங்க, நல்லா பார்த்துக்குவோம்." அது பொய் இல்லை. ஓட்டிட்டுப் போனவனும் மாட்டை நல்லாத்தான் பார்த்துக்கிட்டான். நல்லா பார்த்துக்கிறதுங்கிறது வேற, சொந்தம்ங்கிறது வேற. முதலாவதை வெச்சு ரெண்டாவதைக் கேக்கறது, வெட்சி கட்டினவன் பேச்சு.

எங்க பக்கம் இதைப் படிப்பறிவே இல்லாதவங்களும் தெளிவா வெச்சிருக்காங்க. வாரத்துக்கு மாடு வளர்க்கிறதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பணம் இருக்கிறவர் கிடேரி வாங்கி விடுவார், புல்லும் ஆளும் இருக்கிறவர் வளர்ப்பார். ஈத்துக் கன்னுல மாத்தி மாத்திப் பங்கு, இல்லைன்னா வித்த விலையில பாதி. அஞ்சு வருஷம், ஆறு வருஷம் மாடு இவர் கொட்டகையிலதான் நிக்கும். பேர் வெச்சு கூப்பிடுவார், காய்ச்சல் வந்தா ராத்திரி முழுக்க முழிச்சிருப்பார். ஆனா சந்தையில யாராவது விலை கேட்டா, "நம்மளுது இல்லைங்க, வாரத்து மாடு, உடையவரைக் கேக்கணும்"னுதான் முதல் வார்த்தையா வரும். மாடு செத்துப் போனா புதைக்கிறதுக்கு முன்னாடி உடையவரைக் கூட்டிட்டு வந்து காட்டணும். வளர்த்ததுக்குப் பங்கு உண்டு. வளர்த்ததால மாடு மாறாது.

வெள்ளைக்காரன் சட்டத்துலயும் இந்த நியாயம் ஒரு இடத்துல அழகா இருக்கு. சின்ன வயசுல 'பவுண்டு' பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடுத்தவன் பயிர்ல மேஞ்ச மாட்டைப் பிடிச்சு அடைக்கிற பட்டி. 1871-ல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டம்தான் அதுக்கு ஆதாரம். பட்டிக்காரர் அடைச்ச மாட்டுக்குத் தீனியும் தண்ணியும் கொடுக்கணும். உடையவன் அபராதமும் தீனிச் செலவும் கட்டினா மாட்டை அவுத்து விடணும். 7 நாள்ல யாரும் வரலைன்னா போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லணும், அவங்க அறிவிப்பு ஒட்டணும். அதுக்கப்புறமும் 7 நாள் பார்த்துட்டுத்தான் ஏலம். ஏலத்துல அபராதமும் செலவும் கழிச்சது போக மிச்சம் உடையவனுக்கு. இதுல ஒரு பிரிவைப் படிச்சப்போ சிரிச்சுட்டேன்: பட்டிக்காரரோ, போலீஸ்காரரோ அந்த ஏலத்துல நேராவோ மறைமுகமாவோ மாட்டை வாங்கக் கூடாது. காவல் வெச்சவனே சொந்தக்காரன் ஆக ஒரு சின்ன வழி விட்டாலும், எந்த மாட்டுக்கும் உடையவன் 'கிடைக்க' மாட்டான்னு எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு.

மாட்டுக்கு இவ்வளவு நியாயம். சாமிக்கு?

பழைய தஞ்சாவூர் மாவட்டத்துல பத்தூர்னு ஒரு ஊர். அங்க ஒரு சோழர் காலத்துச் சிவன் கோயில் இடிஞ்சு, பூஜை இல்லாம கிடந்தது. 1976-ல் பக்கத்துல மண் வெட்டின ஒரு கூலிக்காரர் மண்வெட்டியில நடராஜர் உட்பட சில செப்புத் திருமேனிகள் தட்டுப்பட்டுச்சு. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் என்ன சொல்லுதுன்னா, மண்ணுல மறைஞ்சு கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல பெறும்னாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும். உடையவன் யாரும் இல்லைன்னு முடிவானா, கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. சொல்லாம மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். அந்த மனுஷன் சொல்லலை. வித்துட்டார். நடராஜர் கை மாறி கை மாறி லண்டன் போயிட்டார். 1982-ல் பம்பர் டெவலப்மென்ட்ங்கிற கனடா கம்பெனி, பொய்யான பூர்வீகக் கதையை நம்பி வாங்குச்சு. பழுதுபார்க்க பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்திருந்தப்போ லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்றுச்சு.

வழக்கு நடந்துச்சு. கம்பெனி சொன்னது சுத்தமான நியாயம் மாதிரிதான் தெரியும்: நாங்க காசு கொடுத்து வாங்கினோம், திருடலை, நல்லா வெச்சிருக்கோம். கேக்கறது யாரு? ஒரு இடிஞ்ச கோயில். விளக்கேத்தக் கூட ஆள் இல்லை. ஆனா பத்தூர்ல கிடைச்ச மத்த திருமேனிகளோட ஒப்பிட்டுப் பார்த்து, இது அந்த ஊர் நடராஜர்தான்னு லண்டன் கோர்ட் முடிவு பண்ணுச்சு. இந்தியச் சட்டப்படி கோயில் ஒரு ஆள் மாதிரி வழக்காடலாம், இடிஞ்சு கிடந்தாலும் அதோட உரிமை போகலைன்னு 1988-ல் தீர்ப்பு. 1991-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்னு, நடராஜர் ஊர் திரும்பினார்.

இந்தத் தீர்ப்புல எனக்கு ரெண்டு பாடம். நல்லா பார்த்துக்கிட்டதால வெச்சிருந்தவனுக்குச் சொந்தம் வரலை. சரியா பார்த்துக்காததால உடையவனுக்குச் சொந்தம் போகலை. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜரும் இப்படித்தான். 2008-ல் ஆஸ்திரேலியாவோட தேசியக் கலைக்கூடம் அம்பது லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்து வாங்கி, கண்ணாடிக்குள்ள, ஏசியில வெச்சிருந்தாங்க. ஸ்ரீபுரந்தான் கோயில்ல வவ்வால் இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்லலாம். ஆனா 2014-ல் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கொடுக்கத்தான் வேணும்.

இதையெல்லாம் படிச்சுட்டு, கார்ல வந்தவரைத் திருடன் மாதிரி நினைச்சு நெஞ்சை நிமித்திக்கலாம்னு பார்த்தேன். அம்மா விடலை. "ரொம்பப் பேசாதே. உங்க தாத்தன் அந்தக் கல்லை வாய்க்காலுக்குக் குறுக்கே குப்புறப் போட்டு, முப்பது வருஷம் மாட்டை நடத்தினார்"னாங்க. நிஜம்தான். எங்கப்பா காலத்துல ஒரு வெள்ளத்துல மண்ணு அரிச்சு, கல் புரண்டப்பதான் அதுல ஒரு ஆள் இருக்கிறதே தெரிஞ்சது. அப்பா மாட்டைக் கட்டி இழுத்து வரப்புல நட்டார். எழுத்து தேய்ஞ்சதுல பாதி எங்க மாட்டுக் குளம்பு பண்ணின வேலை. மாட்டுக்காக உயிரை விட்டவரோட பேரை நாங்க மாட்டை விட்டே அழிச்சிருக்கோம். ஆக, நாங்க நல்லா பார்த்துக்கிட்டோம்னு கூட என்னால சொல்ல முடியாது. என்கிட்ட இருக்கிற ஒரே யோக்கியதை, இது என்னுது இல்லைன்னு தெரிஞ்சதுதான்.

அப்ப என்ன பண்றது? விக்கிறது இல்லை, அது முடிஞ்சது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பத்தை லைசன்ஸ் இல்லாம வியாபாரம் பண்றதும், தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டு போறதும் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி குத்தம். சட்டம் இல்லைன்னாலும் என் பதில் அதேதான். ஆனா சும்மா வெச்சுக்கிட்டு இருந்தா, நாளைக்கு என் பேரன் காலத்துல வேற ஒரு கார் வரும். மறைச்சு வெச்சிருக்கிற வரைக்கும் அது திருடனுக்குத்தான் சௌகரியம். வாரத்து மாட்டுக்காரர் முதல் வார்த்தையா "உடையவரைக் கேக்கணும்"ங்கிறாரே, அந்த மாதிரி ஊரறியச் சொல்லி வைக்கணும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு கொடுக்கலாம்னேன். போட்டோ, சர்வே நம்பர், அளவு எல்லாம் வெச்சு. ஊர்ல ஒரே எதிர்ப்பு. "ஏன்யா வம்பு, எழுதிக் கொடுத்தா ஜீப் கொண்டாந்து தூக்கிட்டுப் போயிடுவான்"ங்கிறாங்க. பயத்துல நியாயமும் இருக்கு. தர்மபுரி டவுன்ல அரசு அருங்காட்சியகத்துல போய்ப் பாருங்க, பல ஊர் நடுகல் வரிசையா நிக்குது. அங்க போனதால பிழைச்ச கல் நிறைய, அதை நான் மறுக்கலை. ஆனா அங்க யாரும் மஞ்சள் பூசறது இல்லை. வெளிநாட்டுல இருந்து மீண்டு வந்த திருமேனிகள்லயே பல, சொந்தக் கோயிலுக்குப் போகாம பாதுகாப்பு மையத்துல பூட்டுக்குள்ள இருக்கு. அரசாங்கமும் ஒரு பட்டிக்காரர்தான். அடைச்சு வெச்சு நல்லா பார்த்துக்கலாம், உடையவன் ஆயிட முடியாது.

அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாம் நாள் விளக்கு வெச்சுட்டு வந்து, "அந்தாளு யாரு மாட்டை மீட்கப் போனாரு?"ன்னு கேட்டாங்க. தெரியலைம்மா, அந்த எழுத்துதான் போச்சேன்னேன். "அவரு மாடா இருக்காது. ஊரு மாடாத்தான் இருக்கும். தன் மாட்டுக்குச் செத்தா வீட்டுல அழுவாங்க, ஊரு எதுக்குக் கல்லு நடுது?"ன்னாங்க. அப்புறம் அவங்களே, "எழுதிக் கொடு. ஆனா வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறவங்க இருக்காங்கன்னு அதுலயே எழுது"ன்னாங்க.

எழுதிட்டேன். 'என் பட்டா நிலத்தில் உள்ளது, ஆனால் என்னுடையது அல்ல'ன்னு ஆரம்பிச்சு, பதிவு பண்ணிக்கணும், படியெடுத்து மிச்ச எழுத்தைப் படிக்கணும், கல் நின்ற இடத்துலயே நிக்கணும், ஊர் வழிபாடு தொடரணும்னு நாலு கோரிக்கை. கீழே என் கையெழுத்து, பக்கத்துல அம்மாவோட கைநாட்டு. ஊர்ல இன்னும் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. மத்தவங்க யோசிக்கிறாங்க. வர்ற திங்கட்கிழமை காலையில முதல் பஸ்ஸுக்குப் போகணும்.